ஜீப்புக்கு அச்சு மாற்றலாமா?

ஆரணியில் "அச்சு" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு.

தறிக்காரர் வீட்டில் அச்சு என்றால், பாவு நூலைச் சீப்புப் பல் போலப் பிரித்து நிறுத்துவது. ஊடையை அடித்துச் சேர்ப்பதும் அதுவே. வண்டிக்காரர் வீட்டில் அச்சு என்றால், சக்கரங்களைத் தாங்குவது. கிராமத்து ஜனங்கள் அதை "இருசு" என்பார்கள். மோட்டார் பட்டறையில் அதற்கு "ஆக்சில்" என்று பெயர்.

இரண்டு அச்சும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. புடவையைப் பார்ப்பவர்கள் ஜரிகையைப் பார்ப்பார்கள். ஜீப்பைப் பார்ப்பவர்கள் வண்ணத்தையும் விளக்கையும் பார்ப்பார்கள். ஆனால் அச்சு கெட்டால் தறியும் நிற்கும். வண்டியும் நிற்கும்!

இப்போது ஜீப் வைத்திருக்கும் பல வீடுகளில் ஒரு விவாதம் நடக்கிறது.

"கம்பெனி போட்ட ஆக்சில் மெலிசு. அதைக் கழற்றிவிட்டுத் தடிமனாகப் போட்டால் எந்த மலையும் ஏறலாம்" என்கிறான் மகன்.

"ஓடுகிற வண்டியை ஏனப்பா பிரிக்கிறாய்?" என்கிறார் தகப்பனார்.

யார் சொல்வது சரி? முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்குத் தகப்பனார் சொல்வதே சரி. சிலருக்கு மட்டும் மகன் சொல்வது சரி. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதற்குப் படிப்பு வேண்டாம். கொஞ்சம் யோசனை போதும்.

மலை பக்கத்தில் இருக்கிறது

ஆரணி சமவெளி ஊர். பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போனது. ஆனால் மேற்கே போனால் ஜவ்வாது மலை வந்துவிடுகிறது. ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி அந்த மலைப் பக்கமிருந்து வருவதுதான். சந்தவாசல், படவேடு, போளூர் எல்லாம் மலையடிவாரத்து ஊர்கள்.

மலைமேல் ஜமுனாமரத்தூர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் சிறு சிறு கிராமங்கள். சாமை, புளி, தேன், பலா எல்லாம் மலையிலிருந்து கீழே வருகின்றன. அரிசி, உப்பு, துணி, மருந்து எல்லாம் கீழேயிருந்து மேலே போகின்றன. பெரிய ஊருக்குத் தார்ச் சாலை உண்டு. உள்ளே இருக்கும் பல குக்கிராமங்களுக்குக் கல்லும் மண்ணும்தான் பாதை.

அங்கே நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் விளையாட்டுச் சாமான் அல்ல. அது உயிர் காக்கும் வண்டி.

2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் ஊர்வரை போக முடியவில்லை. பாதை இல்லை. பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைமேல் நடந்தாள்.

அப்படிப்பட்ட மலைக்குப் போகும் வண்டியின் அச்சு நல்ல அச்சாக இருக்கவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நல்ல அச்சு எது என்பதுதான் கேள்வி.

அச்சு செய்யும் வேலை

இஞ்சின் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி கியர் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து நீளத் தண்டு வழியாகப் பின்பக்கம் போகிறது. பின்பக்கத்தில் குடம் போல உருண்டையாக ஒன்று தொங்குகிறதே, அதற்குள்ளே கிரவுன், பினியன் என்று இரண்டு பற்சக்கரங்கள் உண்டு. அவை சுழற்சியைத் திருப்பி இரு பக்கத்துத் தண்டுகளுக்கும் கொடுக்கின்றன. அந்தத் தண்டுகளின் முனையில் சக்கரம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் கியர் இஞ்சினின் முறுக்கு பலத்தை 4 மடங்கு ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மலைக்கென்று இருக்கும் தாழ்ந்த கியர் அதை 2½ மடங்கு ஆக்குகிறது. கிரவுன், பினியன் இன்னும் 4 மடங்கு ஆக்குகிறது. நாலை இரண்டரையால் பெருக்கினால் பத்து. பத்தை நாலால் பெருக்கினால் நாற்பது.

இஞ்சினில் ஒரு பங்காகப் புறப்பட்ட பலம், அச்சுக்கு வரும்போது நாற்பது பங்கு! ஈரத்துணியை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து முறுக்குகிறார்கள் அல்லவா? அப்படித்தான் அந்தத் தண்டு முறுக்கப்படுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. சில வண்டிகளில் அந்தத் தண்டே சக்கரத்தைச் சுற்றவும் வேண்டும், வண்டியின் பாரத்தைத் தாங்கவும் வேண்டும். தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டே கிணற்று ராட்டினத்தை இழுப்பது போல. இதைப் பட்டறையில் "செமி புளோட்டிங்" என்பார்கள். இந்த வகையில் தண்டு உடைந்தால், சக்கரமே கழன்று ஓடிவிடும் அபாயம் உண்டு.

வேறு சில வண்டிகளில், பாரத்தை வெளிக்கூடு தாங்குகிறது. தண்டுக்குச் சுற்றும் வேலை மட்டும். ஒருவர் குடம் சுமக்கிறார், இன்னொருவர் ராட்டினம் இழுக்கிறார். இதற்குப் பெயர் "புல் புளோட்டிங்". தண்டு உடைந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். லாரிகளில் இந்த வகையே வழக்கம். இரண்டாவது உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பின் பின் அச்சும் இந்த வகைதான்.

உங்கள் வண்டியில் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அச்சு மாற்றும் பேச்சையே இப்போது எடுக்காதீர்கள். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் உடைகிறது?

"அச்சு உடைந்தது" என்று சொல்லும்போது, குற்றத்தைக் கம்பெனி மேல் போடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் அச்சை உடைப்பது டிரைவரின் வலது கால்!

ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி அந்தரத்தில் நிற்கிறது. டிரைவர் ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். சக்கரம் காற்றில் வெறியோடு சுற்றுகிறது. சட்டென்று வண்டி சரிந்து அந்தச் சக்கரம் தரையில் படுகிறது. வேகமாகச் சுற்றிய சக்கரம் ஒரு நொடியில் நிற்கவேண்டும். அந்த அதிர்ச்சி முழுவதும் தண்டின்மேல் விழுகிறது. "படார்!" என்று ஒரு சத்தம். வண்டி அங்கேயே நிற்கும்.

முன் அச்சுக்கு இன்னொரு கஷ்டம். அது இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஸ்டியரிங்கைக் கோடி வரை ஒடித்துக்கொண்டு பலமாக மிதித்தால், திரும்பும் இடத்தில் இருக்கும் ஜாயிண்ட் முறியும்.

இந்த இரண்டு பழக்கமும் உள்ள டிரைவருக்கு எந்த அச்சும் போதாது. கம்பெனி அச்சை ஒரு வருஷத்தில் உடைப்பார். தடித்த அச்சை இரண்டு வருஷத்தில் உடைப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்டி சிக்கிக்கொள்வதை அச்சின் பலவீனம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது தவறு. ஒரு பக்கத்துச் சக்கரம் சேற்றில் வழுக்கினால், அந்தக் குடத்துக்குள் இருக்கும் டிபரன்ஷியல் என்ற ஏற்பாடு சுழற்சியை வழுக்கும் சக்கரத்துக்கே அனுப்பிவிடும். கெட்டியான தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். உழைக்கிறவனை விட்டுவிட்டு ஊர்சுற்றுகிறவனுக்குச் சோறு போடுவது போல! இதற்கு மருந்து தடித்த அச்சு அல்ல. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் "லாக்கர்" தான் மருந்து. 2020-ல் வந்த புதிய தார் ஜீப்பின் சில ரகங்களில் கம்பெனியே பின்பக்கத்துக்கு அதைக் கொடுத்தது. நோய் ஒன்று, மருந்து ஒன்று என்று ஆகக்கூடாது அல்லவா?

பெரிய சக்கரத்தின் ஆசை

அச்சு மாற்றும் ஆசை தனியாக வருவதில்லை. அதற்கு முன்னால் பெரிய டயர் ஆசை வரும்.

பெரிய டயர் போட்டால் வண்டி உயரமாகத் தெரியும். பாறையைச் சுலபமாகத் தாண்டும். இது உண்மைதான். ஏனென்றால், நேர் அச்சு உள்ள ஜீப்பில் தரைக்கு மிக அருகில் இருப்பது அந்தக் குடம். வில் பட்டையை உயர்த்தினாலும் குடம் உயராது. பெரிய டயர் போட்டால்தான் உயரும்.

ஆனால் அதற்கு விலை உண்டு. 30 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 அங்குல டயர் போடுகிறீர்கள். உயரத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. சக்கரம் தரையை அதே பிடியோடு பற்றும்போது, தண்டின்மேல் வரும் முறுக்கும் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. டயரின் எடை வேறு கூடுகிறது. கனமான டயரைச் சுற்றவைக்க அதிக பலம் வேண்டும். நிறுத்தவும் அதிக பலம் வேண்டும்.

நிறுத்தவும் என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். பெரிய டயர் போட்ட பல பேர் பிரேக்கை மாற்றுவதில்லை. மலையிறக்கத்தில் இதைவிட ஆபத்து வேறு இல்லை.

தடித்த தண்டில் லாபம் இல்லையா? இருக்கிறது. பெரிய லாபமே இருக்கிறது. 30 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 33 மில்லிமீட்டர் தண்டு போட்டால், தடிமன் கூடுவது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் முறுக்கைத் தாங்கும் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த நல்ல எஃகில் செய்தால், அதே தடிமனிலேயே பலம் கூடும். இது இஞ்சினியர்களின் கணக்கு. பொய் இல்லை.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? அதற்குத் தறியிடமே போய்ப் பாடம் கேட்போம்.

ஒன்றை மாற்றினால்...

தறியில் அச்சை மாற்றினால் என்ன ஆகும்? ஆரணியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

நெருக்கமான அச்சு போட்டால் பாவு இழைகளின் எண்ணிக்கை கூடவேண்டும். எண்ணிக்கை கூடினால் விழுது கூடவேண்டும். இழை பிணைக்கும் வேலை கூடும். பட்டு நூல் செலவு கூடும். "அச்சை மட்டும் மாற்றினேன்" என்று எந்த நெசவாளியும் சொல்லமாட்டார். அச்சு மாறினால் தறியின் கணக்கே மாறும்.

ஜக்கார்டு பெட்டியும் அப்படித்தான். 1804-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் அதைச் செய்தார். லியோனும் ஆரணி போலப் பட்டு நகரம். அந்தப் பெட்டி தறியின் தலைக்கு மேலே ஏறி உட்காருகிறது. அதைத் தாங்கப் பலமான சட்டம் வேண்டும். அதற்கு மேல் கூரை உயரம் வேண்டும். கூரை தாழ்ந்த வீட்டில் பெட்டியை வாங்கி வைத்து என்ன பயன்?

ஜீப்பிலும் இதே நியாயம்தான்.

தடித்த தண்டு போட்டீர்கள். அது இனி உடையாது. ஆனால் வந்த பலம் எங்கே போகும்? அடுத்துள்ள பலவீனமான இடத்துக்குப் போகும். கிரவுன், பினியன் பல் உதிரும். அதையும் மாற்றினால் நீளத் தண்டின் ஜாயிண்ட் முறியும். அதையும் மாற்றினால் கியர் பெட்டி வாய் பிளக்கும்!

வீட்டில் மின்சார பியூஸ் எதற்கு இருக்கிறது? பெரிய சேதம் வருமுன் தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றுவதற்கு. புல் புளோட்டிங் வண்டியில் பின் தண்டு கிட்டத்தட்ட அந்தப் பியூஸ் போல. அது முறிந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே புதுத் தண்டைச் செருகலாம். கியர் பெட்டி போனால் மலைமேல் என்ன செய்வீர்கள்?

கம்பெனி இஞ்சினியர்கள் முட்டாள்கள் அல்ல. இஞ்சின், கியர், அச்சு, பிரேக், வில் பட்டை, டயர் எல்லாவற்றையும் ஒரு கணக்கில் சேர்த்துச் செய்கிறார்கள். சிக்கனம் பார்த்தும் செய்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் கணக்கு ஒரே கணக்கு. அதில் ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் விடை தப்பாகும்.

தேர் சொல்லும் பாடம்

"அப்படியானால் பழசையே கட்டிக்கொண்டு அழவேண்டுமா?" என்று கேட்பீர்கள்.

வேண்டாம்! திருவாரூர்த் தேரைப் பாருங்கள். ஆழித்தேர் என்று அதற்குப் பெயர். அலங்கரித்து நிற்கும்போது உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். பல வருஷம் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 1970-ல் மறுபடி ஓடியது. பின்னாளில் திருச்சி பெல் தொழிற்சாலையார் அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்தார்கள்.

அச்சோடு நிறுத்தினார்களா? இல்லை. ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்த்துப் பொருத்தினார்கள். சுலபமாக உருளும் தேருக்கு, நிற்கும் வழியும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுதான் முறையான மாற்றம். செய்தவர்கள் கொதிகலன் செய்யும் இஞ்சினியர்கள். மாற்றியது கணக்குப் பார்த்து.

மாட்டு வண்டியின் கதையும் அப்படித்தான். மர இருசு போய் இரும்பு இருசு வந்தது. கட்டைச் சக்கரம் போய் டயர் சக்கரம் வந்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் டைரக்டராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்தவேண்டும் என்று பல வருஷம் பாடுபட்டார். அவர் பேச்சின் சாரம் மாட்டின் கஷ்டத்தைக் குறைப்பது. நுகத்தடி கழுத்தைப் புண்ணாக்கக்கூடாது, சக்கரம் லேசாக உருளவேண்டும் என்பது.

அங்கேயும் ஒரு தவறு நடந்தது. டயர் வண்டி லேசாக ஓடுகிறது என்று கண்டவுடன், பலர் இரண்டு மடங்கு பாரம் ஏற்றினார்கள். மாட்டுக்குக் கிடைத்த சுகம் போய்விட்டது!

மயிலிறகும் முப்பது பேரும்

இதை வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். மயிலிறகு எவ்வளவு லேசு! அந்த மயிலிறகையே அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது 475-ஆம் குறளின் கருத்து. தன் பலமும் எதிரியின் பலமும் அறிந்து நடக்கவேண்டும் என்று சொல்ல வந்த இடத்தில், வள்ளுவர் வண்டி அச்சைத்தான் உதாரணம் காட்டினார்.

தடித்த அச்சு போட்டவர்கள் செய்யும் முதல் தவறு இதுவே. "இப்போது தாங்கும்" என்று இன்னும் பத்து மூட்டை ஏற்றுவது. இன்னும் ஆறு பேரை ஏற்றுவது.

2022 ஏப்ரல் 2-ந் தேதி, யுகாதி நாள். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் உள்ள கோவிலுக்கு மலைக்கிராமத்து ஜனங்கள் சரக்கு வேன் ஒன்றில் ஏறிப் போனார்கள். நெருக்கி அடித்துக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஏற்றத்தில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள்.

சரக்கு ஏற்றும் வண்டியில் ஜனங்களை ஏற்றினால், அச்சு எவ்வளவு தடிமனாக இருந்து என்ன? மேலே பாரம் கூடினால் வண்டியின் நிலை கெடுகிறது. ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கிறது. பிரேக் தாங்குவதில்லை. அச்சு தாங்குவது வேறு. வண்டி தாங்குவது வேறு.

ஆர். சி. புத்தகத்தில் மொத்த எடை என்று ஒரு எண் எழுதியிருக்கும். நீங்கள் தங்கத்தால் அச்சு செய்து போட்டாலும் அந்த எண் மாறாது!

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதன் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேரள வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது.

அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 182-ஏ பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். அச்சு ஒன்று, டயர் ஒன்று, உயரம் ஒன்று என்று எண்ணினால் தொகை எங்கே போகும்?

அபராதம்கூடப் போகட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது, "வண்டியில் என்ன மாற்றினீர்கள்?" என்பதுதான். புது வண்டியாக இருந்தால் கம்பெனி கொடுத்த உத்தரவாதமும் கைவிட்டுப் போகும்.

பழுதான தண்டுக்குப் பதில் அதே அளவில் அதே வகைத் தண்டு போடுவது ரிப்பேர். அச்சுக் கூட்டையே வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவது மாற்றம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கவேண்டாம். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் முன்னாலேயே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பட்டறைக்காரர் "ஒன்றும் ஆகாது சார்" என்று சொல்வது அனுமதி ஆகாது.

யாருக்கு வேண்டும்?

இவ்வளவு சொன்னபிறகும், அச்சு மாற்றவேண்டியவர்கள் சிலர் உண்டு.

முதலாவது, நிதானமாக ஓட்டியும், அளவாக ஏற்றியும், ஒரே இடத்தில் இரண்டு தடவை தண்டு முறிந்தவர். உடைந்த தண்டை எறியாமல் நல்ல இஞ்சினியரிடம் காட்டவேண்டும். தண்டு முறுக்கிக்கொண்டு முறிந்ததா, பழைய விரிசல் பெருகி முறிந்ததா என்று முறிந்த முகமே சொல்லும். பலம் போதாமல் முறிந்திருந்தால் மாற்றலாம்.

இரண்டாவது, வேலையே அப்படிப்பட்டவர். காட்டுக்குள் மீட்பு வேலை, தினசரி பாதையில்லாத மலை, பந்தய ஓட்டம். பந்தய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, பழைய ஜீப் வைத்திருப்பவர். 1940-களின் இறுதியிலிருந்து மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் ஜீப் விற்றுவருகிறது. பல தலைமுறை ஜீப்புகள் இன்னும் ஓடுகின்றன. தேய்ந்த அச்சை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், விதி அனுமதிக்கும் நல்ல ரகமாகப் போடுவது புத்திசாலித்தனம்.

இவர்களும் படிப்படியாகப் போகவேண்டும். முதலில் தண்டு. பிறகு தேவையானால் கிரவுன், பினியன். கடைசியாகத்தான் முழு அச்சு. முழு அச்சு மாற்றினால் பிரேக்கையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும்.

பணம் செலவாகாத வழிகள்

மற்றவர்களுக்கு என்ன வழி? செலவு குறைந்த வழிகள் நிறைய உண்டு.

மணலிலும் பாறையிலும் போகும்போது டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். டயர் பரந்து பிடிக்கும். அச்சுக்கு அதிர்ச்சி குறையும். சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்று ஏற்றுங்கள்.

சக்கரம் காற்றில் சுற்றினால் காலை எடுங்கள். இறங்கிப் பாருங்கள். ஒரு கல்லை அண்டை கொடுங்கள். பாதியளவு பிரச்சினை அதிலேயே தீரும்.

ஓடையைக் கடந்தபின் அச்சு ஆயிலைப் பாருங்கள். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அச்சின்மேல் மூச்சு விட ஒரு சிறு குழாய் உண்டு. அது அடைத்திருந்தால் ஆபத்து அதிகம். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஆயில் விலை சில நூறு ரூபாய். அச்சு விலை பல ஆயிரம்!

சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் அதிகமாகச் சுட்டால், பேரிங் கெடுகிறது அல்லது பிரேக் ஒட்டுகிறது என்று அர்த்தம். தறியில் உட்காருமுன் நெசவாளி நாடாவைத் தடவிப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

வீட்டார் கேட்கவேண்டிய கேள்விகள்

ஜீப் மகனுடையதாக இருக்கலாம். பணம் வீட்டுப் பணம். நாள் முழுக்கக் குழித்தறியில் காலை மடக்கி உட்கார்ந்து சேர்த்த பணம். ஆகவே தகப்பனாரும் தாயாரும் கேட்கலாம். கேட்கவேண்டும்.

"இதுவரை என்ன உடைந்தது? எத்தனை தடவை?"

"உடைந்தபோது வண்டியில் எவ்வளவு பாரம்? ஓட்டியது யார்?"

"இதை மாற்றினால் கூட என்னென்ன மாற்றவேண்டும்? மொத்தச் செலவு என்ன?"

"ஆபீசில் அனுமதி வாங்கியாயிற்றா?"

இந்த நாலு கேள்விக்கும் நேரான பதில் வந்தால், மகனுக்குப் பணம் கொடுங்கள். "எல்லாரும் போடுகிறார்கள்" என்பது மட்டும் பதிலாக வந்தால், அந்தப் பணத்தில் நல்ல டயர் நாலு வாங்குங்கள். பிரேக்கைச் சரிபாருங்கள். மிச்சத்தைப் பாங்கியில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. மலைக்கிராமத்துக்கு வேண்டியது தடித்த அச்சுள்ள நாலு ஜீப் அல்ல. ஆம்புலன்சு போகும் பாதை. நல்ல பாதை வந்தால் கம்பெனி அச்சே காலத்துக்கும் உழைக்கும். பாதை கேட்டு மனுக் கொடுக்கும் மலை ஜனங்களோடு, ஜீப் வைத்திருக்கும் ஆரணிக்காரர்களும் ஒரு கையெழுத்துப் போடட்டும்.